நேர்ந்தது அம்மா, மொட்டை மகனுக்கா?

சிங்கப்பூர்க் கத்தோலிக்க வாசகர்கள் அனுப்பி, இடமில்லாமல் தங்கிப்போன கேள்விகளையும் சேர்த்து இம்முறை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டேன், அக்கம்பக்கத்தில் யார் என்று கண்டுபிடித்துவிடக் கூடாதே. நான் சாமியார் இல்லை, மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவன். திருச்சபைச் சட்டம் சொல்வதைச் சொல்வேன், நடுநடுவே என் அபிப்பிராயமும் வரும், இரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

ஐயா, என் மகனுக்கு இரண்டு வயதில் வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்தால் வேளாங்கண்ணிக்குக் கூட்டிவந்து மொட்டை போடுகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். பிழைத்துவிட்டான். அப்புறம் வேலை, வீட்டுக் கடன், கொரோனா என்று தள்ளிப்போய், இப்போது அவனுக்கு இருபத்தொன்று. தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி) இருக்கிறான். "நீங்க நேர்ந்ததுக்கு நான் ஏம்மா மொட்டை போடணும்?" என்கிறான். போன மாதம் பைக்கில் விழுந்து கை உடைந்தது. மாதா கோபித்துக்கொண்டாரா? எனக்குத் தூக்கமே இல்லை.
ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பைக்கை முதலில் முடித்துவிடுவோம். மழை பெய்த ரோட்டில் இருபத்தொரு வயதுப் பையன் வழுக்கி விழுவதற்கு வானத்திலிருந்து யாரும் கோபப்பட வேண்டியதில்லை அம்மா. சாகக் கிடந்த பிள்ளையை மீட்டுக் கொடுத்தவர், பத்தொன்பது வருடம் பொறுத்திருந்து பாக்கிக்காக அவன் கையை உடைப்பார் என்று நினைத்தால், மாதாவை நாமே வட்டிக்கடைக்காரர் ஆக்கிவிடுகிறோம்.

இனி நேர்ச்சை. திருச்சபைச் சட்டத்தில் இதற்கென்றே 1191 முதல் 1198 வரை எட்டு எண்கள் இருக்கின்றன, நேர்ந்துகொள்கிற யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. அதில் 1193 உங்கள் மகன் பக்கம் நிற்கிறது: நேர்ச்சை, நேர்ந்துகொண்டவரை மட்டும்தான் கட்டும். அவன் தலைமுடியை நீங்கள் நேரலாம், ஆனால் அது அவன் தலை. இரண்டு வயதிலேயே போயிருந்தால் கேள்வியே வந்திருக்காது, தூக்கிக்கொண்டுபோய் உட்காரவைத்துச் சிரைத்திருப்பீர்கள். இப்போது அவன் வளர்ந்த ஆள், அவன் சம்மதம் இல்லாமல் அந்த மொட்டைக்கு அர்த்தம் இல்லை. (தெக்கோங் ராணுவப் பயிற்சித் தீவில் ஒருமுறை அரசாங்கச் செலவிலேயே போட்டுவிட்டார்களே, அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று அவன் கேட்டால், முடியாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.)

உங்கள் பங்கு வேறு. நேர்ந்தவர் நீங்கள், போகிறேன் என்றவரும் நீங்கள். அதே சட்டம், நேர்ச்சை என்பது முழு அறிவோடும் சுதந்திரத்தோடும் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு என்கிறது. பிள்ளை வலிப்பில் துடிக்கும்போது தாய் வாயிலிருந்து வருவது எவ்வளவு தூரம் வாக்கு, எவ்வளவு தூரம் கதறல் என்பதை நீங்களும் உங்கள் பங்குத்தந்தையும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அது நேர்ச்சைதான் என்று பட்டாலும் வழி இருக்கிறது. அதற்குச் சமமான அல்லது அதைவிட மேலான ஒரு நற்செயலாக நீங்களே மாற்றிக்கொள்ளலாம், யார் அனுமதியும் வேண்டாம், 1197 அதைத்தான் சொல்கிறது. அதைவிடச் சிறியதாக மாற்ற வேண்டுமென்றாலும், மொத்தமாக விடுவிக்க வேண்டுமென்றாலும் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. ரோமாபுரிக்குக் கடிதம் போட வேண்டியதில்லை, ஞாயிறு பூசை முடிந்து ஐந்து நிமிடம் நின்று பேசினால் போதும். ஜெபமாலைக் கூட்டத்து அக்காமார்களிடம் மட்டும் இதைக் கேட்காதீர்கள், ஆளுக்கொரு பயமுறுத்தல் கதை வைத்திருப்பார்கள்.

போக முடிந்தால் போய்விட்டு வந்துவிடுங்கள் என்பது என் யோசனை. திருச்சிக்கு விமானம், அங்கிருந்து தஞ்சாவூர், நாகப்பட்டினம் வழியாகக் கார். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை நெரிசலில் உடம்பு புண்ணாகிவிடும், சாதாரண நாளாகப் பார்த்துப் போங்கள். மகனை "மொட்டை போட வா" என்று கூப்பிடாமல் "எனக்குத் துணைக்கு வாடா" என்று கூப்பிட்டுப் பாருங்கள். மாதா குளத்துப் பாதையில் மணலில் முட்டிபோட்டு நகர்கிறவர்களை அவன் தன் கண்ணால் பார்க்கட்டும். அதன்பிறகு முடி கொடுப்பதும் கொடுக்காததும் அவனுக்கும் மாதாவுக்கும் இடையில்.

ஞாயிறு காலைப் பூசைக்குப் போகுமுன் இன்சுலின் போட்டுக்கொண்டு இரண்டு இட்லி சாப்பிடுகிறேன். நற்கருணை வாங்கலாமா? நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்கிறார் மாமியார்.
வாசகி, ஈசூன்

உங்கள் மாமியார் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சட்டம் அப்படித்தான் இருந்தது, அவரைக் குறை சொல்லாதீர்கள். 1953ல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) தண்ணீரை அனுமதித்தார், 1957ல் மூன்று மணி நேரம் என்று ஆனது, 1964ல் ஆறாம் பவுல் ஒரு மணி நேரமாக்கினார். அந்த ஒரு மணி நேரமும் நற்கருணை வாங்குவதற்கு முன்னால்தான், பூசை தொடங்குவதற்கு முன்னால் இல்லை. தண்ணீரும் மருந்தும் எப்போதும் கணக்கில் வராது. நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரம்கூடக் கட்டாயமில்லை. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போய்ப் பூசை நடுவே மயங்கி விழாதீர்கள். இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

எங்களுக்கு பிடிஓ வீடு (அரசாங்கம் கட்டித் தரும் அடுக்குமாடி வீடு) கிடைத்திருக்கிறது, அடுத்த வருடம் சாவி. சாவி வாங்கி மூன்று மாதத்திற்குள் கல்யாணச் சான்றிதழ் காட்ட வேண்டும். அதனால் இப்போதைக்குத் திருமணப் பதிவகத்தில் பதிந்துவிட்டு, காசு சேர்ந்ததும் இரண்டு வருடம் கழித்து சர்ச்சில் கல்யாணம் வைக்கலாம் என்று இருக்கிறோம். அவர் இந்து. அவருடைய அம்மா தங்கள் குலதெய்வத்தின் முன்னால் தாலி கட்ட வேண்டும் என்கிறார். காலையில் அங்கே, சாயங்காலம் இங்கே என்று செய்துவிட்டால் எல்லாருக்கும் திருப்திதானே?
வாசகி, பொங்கோல்

இதில் மூன்று கேள்விகள் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன, ஒவ்வொன்றாக அவிழ்க்கிறேன்.

வீடு. பதிவகத்தில் கையெழுத்துப் போட்டதும் அரசாங்கத்துக்கு நீங்கள் கணவன் மனைவி. திருச்சபைக்கு இன்னும் இல்லை. கத்தோலிக்கர் ஒருவர், முறைப்படி விலக்கு வாங்கினாலொழிய, குருவானவர் அல்லது திருத்தொண்டர் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு சம்மதம் சொன்னால்தான் அது செல்லும். ஆக, அந்த இரண்டு வருடம் புது வீட்டில் ஒன்றாகக் குடியிருந்தால் என்ன நிலை என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம், நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் இந்தச் சிக்கல் முக்கால்வாசி நாமாக உண்டாக்குவது. கல்யாணத்துக்கு ஆகிற செலவு ஓட்டல் விருந்துக்கு ஆகிற செலவு, சர்ச்சில் சம்மதம் சொல்வதற்கு ஆகிற செலவு அதில் ஒரு மேசைக்குக்கூட வராது. நம் சாமியார்களில் பலர் அரசாங்கத்தின் அனுமதி பெற்ற திருமணப் பதிவாளர்களும்தான், அதே சடங்கிலேயே சட்டப் பதிவும் முடிந்துவிடும். அரசாங்கத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, நெருங்கிய சொந்தம் மட்டும் கூடி, அடுத்த வருடமே சர்ச்சில் முடியுங்கள். விருந்து இரண்டு வருடம் கழித்து வைத்தால் யாருக்கும் வலிக்காது. திருமணத் தயாரிப்பு வகுப்புக்கும் அனுமதிக்கும் மாதக்கணக்கில் ஆகும் என்பதால் பங்குத்தந்தையை இந்த வாரமே போய்ப் பாருங்கள், சாவி வந்தபிறகு ஓடாதீர்கள்.

அவர் இந்து என்பது. திருமுழுக்குப் பெறாதவரை மணக்க ஆயரிடமிருந்து விலக்கு வேண்டும், அது இல்லாமல் திருமணமே செல்லாது. விலக்குக்காக நீங்கள், உங்கள் விசுவாசத்தை விடமாட்டேன் என்றும் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் முடிந்ததெல்லாம் செய்வேன் என்றும் வாக்குக் கொடுக்க வேண்டும். வாக்குக் கொடுப்பது நீங்கள், அவர் இல்லை. ஆனால் நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். கல்யாணத்துக்கு முன்னால் இதைப் பேசத் தயங்கிவிட்டு, குழந்தை பிறந்தபிறகு "அதெல்லாம் எப்ப சொன்னே?" என்று அவர் கேட்கும்படி ஆகிவிடக் கூடாது.

காலையில் அங்கே, சாயங்காலம் இங்கே. இது முடியாது. 1127ஆம் சட்டம் அப்பட்டமாகத் தடுக்கிறது: ஒரே கல்யாணத்துக்கு இரண்டு மதச் சடங்குகளில் இரண்டு முறை சம்மதம் சொல்லக் கூடாது, முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. சம்மதம் ஒரு முறைதான். மற்றபடி நலங்கு, மருதாணி, பட்டுப்புடவை, பூ, பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குவது எதற்கும் தடையில்லை. தாலியும் அப்படித்தான். சர்ச்சிலேயே மந்திரித்துக் கட்டலாம், நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டுகிறார்கள். இந்தச் சண்டை புதிதும் இல்லை. போப்பாண்டவரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த துர்னோன் 1704ல் போட்ட ஆணையில், பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக் கூடாது என்று ஒரு விதி. தாலி போகவில்லை, பிள்ளையார் இருந்த இடத்துக்குச் சிலுவை வந்தது.

உங்கள் வருங்கால மாமியாரிடம் சட்ட எண்ணைச் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். அவர் மகன் கல்யாணத்தில் தனக்கு இடமில்லாமல் போய்விடுமோ என்றுதான் அவருக்குக் கவலை. தாலித் தட்டை அவர் கையில் கொடுத்து, சர்ச்சில் பீடத்துக்கு முன்னால் அவரே மகனிடம் எடுத்துக் கொடுக்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் பங்குத்தந்தையிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். தைப்பூசம் முடிந்து பிரசாதம் என்று சொல்லிச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். கணவர் குப்பையில் போடு என்கிறார். போட மனசு வரவில்லை. என்ன செய்ய?
வாசகி, தெம்பனிஸ்

முறுக்குக்குக் கேள்வியே வேண்டாம், கொஞ்சம் எனக்கும் எடுத்துவையுங்கள்.

பிரசாதம் விஷயம் புனித பவுல் காலத்துப் பிரச்சினை. கொரிந்து ஊரில் சந்தையில் விற்ற இறைச்சியில் எது கோயிலில் படைத்தது, எது படைக்காதது என்று தெரியாது. சந்தையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள், விருந்துக்குக் கூப்பிட்டால் வைத்ததைச் சாப்பிடுங்கள், ஆனால் "இது படையல்" என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் சொன்னவரின் மனசாட்சியை நினைத்துச் சாப்பிடாதீர்கள் என்று எழுதினார். முதல் கொரிந்தியர் எட்டாம் அதிகாரமும் பத்தாம் அதிகாரமும் முழுதாகப் படியுங்கள், அரை வசனத்தைப் பிய்த்து எடுத்து ஆளுக்கு ஆள் சண்டை போடுகிறார்கள். உணவு தீட்டு என்று அவர் சொல்லவே இல்லை. வழிபாட்டில் பங்கெடுப்பது வேறு, பலவீனமான ஒருவருடைய மனம் குழம்புவது வேறு, அவர் பார்த்தது இந்த இரண்டையும்தான்.

ஆகவே நீங்கள் பிரசாதமாக, வழிபாடாக அதை உட்கொள்ள வேண்டாம். அதற்காக அன்போடு நீட்டிய கிண்ணத்தைக் குப்பையில் கவிழ்ப்பது கிறிஸ்தவம் ஆகிவிடாது. மரியாதையாக வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், அந்த மாடியிலேயே அதைச் சந்தோஷமாகச் சாப்பிடுகிற ஒரு வீடு இருக்கும், கொடுத்துவிடுங்கள். பழகிய அக்கா என்றால், "அக்கா, எங்க வழக்கத்தில படையல் சாப்பிடுறதில்ல, நீங்க சமைச்சதுன்னா தட்ட வழிச்சுச் சாப்பிடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், தப்பாக நினைக்கமாட்டார். 1965ல் வந்த இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு ஒன்று, பிற சமயங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் இருப்பது எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்கிறது. வத்திக்கானிலிருந்தே வருடாவருடம் இந்துக்களுக்குத் தீபாவளி வாழ்த்து போகிறது. உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள்.

அம்மா போன வருடம் தவறினார், மண்டாயில் தகனம். அஸ்தி இன்னும் வீட்டுப் பீடத்தின் பக்கத்தில் இருக்கிறது, அம்மா கூடவே இருப்பது போல எனக்கு ஆறுதல். தம்பி, பாதியை நாகப்பட்டினம் கடலில் கரைக்க வேண்டும் என்கிறான், அம்மா பிறந்த ஊர். தங்கை ஒரு சிட்டிகை எடுத்து லாக்கெட்டில் போட்டுக்கொள்ளக் கேட்கிறாள். மூன்று பேரில் யார் சொல்வது சரி?
வாசகர், ஜூரோங் வெஸ்ட்

மூன்று பேர் சொல்வதும் சரியில்லை. அம்மாவை இழந்த வீட்டில் இப்படிச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிட்டீர்கள்.

தகனத்தில் தப்பே இல்லை. 1963 வரை திருச்சபை தடுத்திருந்தது, அந்த வருடம் தடையை எடுத்தது. இடமில்லாத இந்த ஊரில் அது பெரிய ஆறுதல். பிடாடரி கல்லறையில் புதைத்த நம் தாத்தா பாட்டிகளை, வீடு கட்டுவதற்காக 2001க்கு அப்புறம் தோண்டி எடுத்தது பலருக்கு நினைவிருக்கும். இப்போது புதைப்பதற்குச் சுவா சூ காங் ஒன்றுதான், அங்கேயும் பதினைந்து வருடம்தான் தவணை. அதனால் பெரும்பாலோர் மண்டாய்க்குத்தான் போகிறோம்.

அஸ்தி என்ன ஆக வேண்டும் என்பதற்கு 2016ல் வத்திக்கான் தெளிவாக ஒரு கட்டளை கொடுத்தது. கல்லறை, தேவாலயம் அல்லது அதற்கென்று ஒதுக்கிய புனித இடத்தில் வைக்க வேண்டும். வீட்டில் வைப்பது கூடாது, மிக அபூர்வமான காரணத்துக்கு ஆயர் சம்மதித்தால் தவிர. காற்றிலும் மண்ணிலும் நீரிலும் தூவக் கூடாது. குடும்பத்தாருக்குள் பங்கு பிரிக்கக் கூடாது, நகையிலோ நினைவுப் பொருளிலோ வைக்கக் கூடாது. சுவா சூ காங்கில் அரசாங்கம் அஸ்தி தூவ ஒரு தோட்டமே அமைத்திருக்கிறது, அது நமக்கு இல்லை. 2023 டிசம்பரில் வந்த விளக்கம் ஒன்று கொஞ்சம் இளக்கியது: மற்றதெல்லாம் புனித இடத்தில் இருக்க, மிகச் சிறிய ஒரு பகுதியை, இறந்தவரின் வாழ்க்கையோடு தொடர்புள்ள ஓர் இடத்தில் வைக்கக் குடும்பத்தார் கேட்டால் திருச்சபை அதிகாரிகள் பரிசீலிக்கலாம். பரிசீலிக்கலாம் என்றுதான் இருக்கிறது, நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று இல்லை. கடலில் கரைப்பதும் அதில் வராது.

காரணத்தைச் சொல்லாமல் விட்டால் வெறும் சட்டமாகத் தெரியும். அந்த உடம்பு திருமுழுக்கு வாங்கிய உடம்பு, உங்களைச் சுமந்த உடம்பு, உயிர்த்தெழும் என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் நாம் வாய்விட்டுச் சொல்கிற உடம்பு. அது யாருடைய சொத்தும் இல்லை. நடைமுறையிலும் ஒன்று இருக்கிறது: வீட்டில் இருக்கும் அஸ்தி உங்கள் காலம்வரை பத்திரம், உங்கள் பேரன் வீடு மாறும்போது அந்தக் குடுவையை யாரென்று தெரிந்து எடுத்துப்போவானா? புக்கிட் பாத்தோக்கில் வானதூதர்களின் புனித மரியன்னை தேவாலயம் போல அஸ்தி வைக்கும் மாடம் வைத்திருக்கிற தேவாலயங்கள் இங்கே உண்டு. அங்கே போனால் அம்மாவுக்கு முன்பின் தெரியாதவர்களும் நவம்பரில் மெழுகுவர்த்தி ஏற்றி அம்மாவுக்கும் சேர்த்து ஜெபிப்பார்கள். வீட்டுப் பீடத்தில் நீங்கள் மட்டும்தான்.

தம்பியை நாகப்பட்டினத்தில் அம்மா ஞானஸ்நானம் வாங்கிய கோயிலில் ஒரு பூசைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். தங்கைக்கு அம்மாவின் ஜெபமாலையைக் கொடுங்கள். மூத்தவர் நீங்கள் என்று நினைக்கிறேன், கல்லறைத் திருநாளுக்குள் மூவரும் சேர்ந்து மாடத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.

"இந்த ஜெபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால் ஒன்பது நாளில் கெட்ட செய்தி வரும்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
பலர்

அழித்துவிடுங்கள். மிரட்டி வாங்குவது ஜெபமில்லை, மூடநம்பிக்கை, முதல் கட்டளைக்கு விரோதம் என்று மறைக்கல்வி ஏடு சொல்கிறது. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் நல்ல ஆத்மாக்கள், சண்டை போட வேண்டாம்.

என் மாமா ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் பாட்டு எண் போடும் பலகையைப் பார்த்து 4டி (நாலு இலக்க லாட்டரி) வாங்குகிறார். இரண்டு முறை சின்னதாக விழுந்ததும் புனித அந்தோனியார் கொடுத்தது என்று காணிக்கையும் போட்டார். 4டி வாங்குவது பாவமா?
வாசகர், செங்காங்

மாமா பிரசங்கத்தையும் அந்தப் பலகையைக் கவனிப்பது போலக் கவனிக்கிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

சூது தன்னளவிலேயே பாவம் என்று கத்தோலிக்கத் திருச்சபை சொல்வதில்லை, இது பல பிற சபை நண்பர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மறைக்கல்வி ஏடு 2413ஆம் எண்ணில், சூதாட்டம் நீதிக்கு மாறானது அல்ல, ஆனால் ஒருவர் தன் தேவைக்கும் பிறர் தேவைக்கும் வேண்டியதை அது பறிக்கும்போது ஏற்க முடியாதது என்கிறது, அடிமைப்படுத்தும் அபாயத்தையும் சேர்த்தே எச்சரிக்கிறது. வாரத்தில் ஒரு நாள் இரண்டு வெள்ளிக்கு வாங்கிவிட்டுக் காப்பிக்கடையில் நாலு பேரோடு பேசிச் சிரிப்பவரைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன். புதன், சனி, ஞாயிறு மூன்று குலுக்கலும் விடாமல், பேத்தி டியூஷன் காசையும் எடுத்து வாங்கினால் அது வேறு கதை. எவ்வளவு என்று பார்க்காதீர்கள், யாருடைய காசு என்று பாருங்கள். அத்தைக்குத் தெரியாமல் வாங்குகிறாரா என்று பாருங்கள்.

பாட்டுப் பலகையிலும் விபத்துக்குள்ளான காரின் எண்ணிலும் கடவுள் குறிப்புக் கொடுக்கிறார் என்பது சுத்த மூடநம்பிக்கை. பதுவை அந்தோனியார் தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர், தொலைக்க வழி காட்டுபவர் இல்லை. கேசினோ வரைக்கும் போகிறவர் என்றால் 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் அவரைத் தடுக்காது, குடும்பத்தாரே விண்ணப்பித்து அவர் உள்ளே நுழையத் தடை வாங்க முடியும். அதைச் செய்வது துரோகம் இல்லை.

எங்கள் வீட்டுப் பணிப்பெண் பிலிப்பீன்ஸ்காரி, கத்தோலிக்கர். ஞாயிறு பூசைக்கு என்று காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டுக்குத்தான் வருகிறாள். பூசை ஒரு மணி நேரம்தானே? ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள். நாங்களே அவளைப் பூசைக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வந்துவிட்டால் போதாதா?
வாசகி, சிராங்கூன்

போதாது.

யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தை எடுங்கள். ஓய்வுநாள் கட்டளையில் யாரெல்லாம் வேலை செய்யக் கூடாது என்று கடவுள் ஒரு பட்டியல் போடுகிறார்: நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், உன் வேலைக்காரி, உன் மாடு, உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியன். வேலைக்காரி பெயர் அங்கேயே இருக்கிறது. இணைச்சட்டம் ஐந்தாம் அதிகாரத்தில் காரணமும் வருகிறது, நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய், மறந்துவிடாதே என்று. இந்த ஊருக்குக் கப்பலில் கூலியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், நமக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நாட்டுச் சட்டமும் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு ஓய்வுநாள் 2013லிருந்து. வேலை வாங்கிக்கொண்டு ஈட்டுப்பணம் கொடுக்க அவள் சம்மதம் வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளாவது, பணம் கொடுத்தும் ஈடுகட்ட முடியாத ஓய்வு. பூசை ஒரு மணி நேரம், ஓய்வு ஒரு நாள், இரண்டும் ஒன்றில்லை. மீதி நேரத்தில் அவள் லக்கி பிளாசா கடைத்தொகுதியில் ஊருக்குப் பணம் அனுப்பட்டும், தோழிகளோடு உட்கார்ந்து சாப்பிடட்டும், பிள்ளையோடு போனில் பேசி அழட்டும். நாம் கணக்குக் கேட்க முடியாது. உங்கள் மகள் வெளிநாட்டில் வேலை செய்து, அவளுடைய ஞாயிற்றுக்கிழமையை யாரோ மணிக்கணக்குப் பார்த்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

வீட்டில் ஒரு கத்தோலிக்கர் வேலை செய்வது உங்களுக்கு ஒரு கொடுப்பினை என்று நான் சொல்வேன், குருத்தோலை ஞாயிறன்று இரண்டு ஓலை கூடுதலாக வாங்கி வருவாள். சொந்தக்காரர்களுக்குத் தேக்காவில் பிரியாணி வாங்கி வையுங்கள். பாத்திரத்தை உங்கள் மகன் கழுவட்டும்.

பாட்டிக்குத் தொண்ணூறு வயது நெருங்குகிறது, தமிழ் மட்டும்தான் தெரியும். எங்கள் பங்கில் தமிழ் தெரிந்த சாமியார் இல்லை. ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று அழுகிறார். நான் பக்கத்தில் இருந்து ஆங்கிலத்தில் சொல்லலாமா? போனில் தமிழ்ச் சாமியாரிடம் சொல்ல வைக்கலாமா?
பேத்தி, பிடோக்

போனில் முடியாது, சாமியார் எதிரே இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு, 990ஆம் எண். ஆனால் கேட்டதை நீங்கள் சாகும்வரை வாய் திறக்கக் கூடாது, மீறினால் தண்டனைக்குரிய குற்றம். அது ஒருபக்கம் இருக்கட்டும், பாட்டி உங்கள் அம்மாவோடு போட்ட சண்டையை உங்கள் முன்னால் எப்படிச் சொல்வார்? விழுங்கிவிடுவார், அப்புறம் சொல்லாமல் விட்டேனே என்று மறுபடியும் அழுவார்.

ஓபிர் சாலையில் லூர்து மாதா கோயில் இருக்கிறதே, 1888ல் தமிழருக்கென்றே கட்டி முடித்த கோயில், இன்றும் தமிழ்ப் பூசை நடக்கிறது. அங்கே போன் செய்து, நடக்க முடியாத பாட்டி, தமிழில் பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரு சாமியார் வீட்டுக்கு வர முடியுமா என்று கேளுங்கள். பெரிய வாரத்தில் கேட்டால் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, தவக்காலத்துக்கு முன்னாலேயே கேளுங்கள். அதே வருகையில் நற்கருணையும் கொடுக்கச் சொல்லலாம். நோயில்பூசுதலும் (எண்ணெய் பூசி ஜெபிப்பது) கேளுங்கள், அது சாகக் கிடப்பவர்களுக்கு மட்டும் என்ற பழைய பயத்தில் பாட்டி நடுங்கினால், முதுமையில் தளர்ந்தவர்களுக்கும் உண்டு, வாங்கியவர்கள் எழுந்து நடமாடுகிறார்கள் என்று சொல்லுங்கள்.

ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுவர்த்தி போதும். சாமியார் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் கூடத்துக்கு வந்துவிடுங்கள். பாட்டிக்குக் காது மந்தமென்றால் பாவத்தையும் சத்தமாகத்தான் சொல்வார், டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவையுங்கள்.